குரலைத் தாங்கும் நரம்பு

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருக என்று மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியனிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியக் கட்டுரையே என்பதை யாம் அறிவோம். பழஞ்செய்யுள் ஒன்றையோ நாவலர் பெருமானின் உரைநடையையோ எடுத்து விளக்கியிருந்தால் எமக்கும் எளிதாயிருந்திருக்கும். ஆயினும் இம்முறை வேறொரு பொருளைத் தெரிந்துகொண்டோம். கழுத்திலுள்ள தைரொயிட்டுச் சுரப்பியைச் சத்திரசிகிச்சையால் அகற்றும்போது குரல் நரம்புகளுக்கு நேரக்கூடிய ஊறே அப்பொருள்.

தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என வினவுவோர்க்கு எம் விடை இரண்டு. ஒன்று, அச்சிகிச்சைக்கு யாமே உட்பட்டோம். எம் குரல் ஐந்து மாதம் எம்மிடம் இல்லாதிருந்தது. மற்றையது, மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழில் எடுத்துரைத்தல் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மாணவர்க்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். மனுஷ அங்காதிபாதம் என்னும் உடற்கூற்று நூல் அவர் முயற்சியால் 1872இல் தமிழில் வெளிவந்தது. அவ்வழியிற் சிறிது தூரம் நடந்து பார்ப்பதே எம் நோக்கம்.

சுரப்பியும் குரலும்

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவிக்கொண்டு வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது தைரொயிட்டுச் சுரப்பி. அதன் நிறை ஏறக்குறைய இருபது கிராமே. ஆயினும் உடலின் வெப்பம், இதயத் துடிப்பு, வளர்ச்சி, மனத்தின் ஊக்கம் ஆகியன அதன் சுரப்பினால் நெறிப்படுகின்றன. அச்சுரப்பி வீங்குவதைக் கண்டக்கழலை என்பர். அயடீன் குறைவு அதற்கொரு காரணம். இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்திலே இக்குறைபாடு ஒருகாலத்தில் மலிந்திருந்தது. உப்புக்கு அயடீன் சேர்க்க வேண்டுமென 1995இல் சட்டம் செய்யப்பட்டது.

அயடீன் உப்பு வந்த பின்னரும் சத்திரசிகிச்சைக்குரிய காரணங்கள் ஒழிந்துவிடவில்லை. சுரப்பியில் தோன்றும் கட்டி புற்றுநோயாகவோ புற்றுநோயென ஐயுறத்தக்கதாகவோ இருத்தல், கழலை பருத்து மூச்சுக்குழலை நெரித்தல், சுரப்பு மிகுந்து மருந்துக்கு அடங்காதிருத்தல் என்பன அவற்றுட் சில. சிலர்க்குச் சுரப்பியின் ஒரு பாதியும், சிலர்க்கு முழுவதும் அகற்றப்படுகின்றது.

இனிக் குரல் பிறக்குமாற்றை நோக்குவோம். எழுத்துகளின் பிறப்பைக் கூறப்புகுந்த தொல்காப்பியர், உள்ளிருந்து எழுங்காற்று நின்று ஓசையாகும் இடங்களுள் மிடற்றையும் ஒன்றாக வைத்தார். மிடற்றினுள்ளே நிகழ்வதைக் கண்ணாற் காண்பதற்கோ நெடுங்காலம் சென்றது. 1854இல் மனுவேல் கார்சியா என்பவர் பல்வைத்தியர் கையாளும் சிறு கண்ணாடியொன்றைத் தம் தொண்டையினுள் வைத்து, சூரியவொளியை அதன்மீது விழச் செய்து, தம் குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டு ஆராய்ந்தார். அவர் வைத்தியரல்லர், இசை கற்பித்த ஆசிரியர். இஃது எம்போல்வார்க்கு உவகை தரும் செய்தியாகும்.

குரல்நாண்கள் இரண்டு. மூச்சுவிடும்போது அவை விலகி வழிவிடுகின்றன. பேசும்போது நெருங்கி அதிர்கின்றன. விழுங்கும்போது இறுக மூடி, உணவும் நீரும் மூச்சுக்குழலுட் புகாது காக்கின்றன. ஆகவே பேச்சு, மூச்சு, விழுங்குதல் ஆகிய மூன்றற்கும் அவை இன்றியமையாதன. அவற்றை அசைக்கும் நரம்புகளே இக்கட்டுரையின் பொருள்.

திரும்பி வரும் நரம்பு

மூளையினின்று கழுத்து வழியே இறங்கும் வேகசு என்னும் நெடிய நரம்பிலிருந்து இப்பக்கத்துக்கொன்றும் அப்பக்கத்துக்கொன்றுமாக இரு கிளைகள் பிரிகின்றன. இவை நேரே குரல்வளைக்குச் செல்வதில்லை. இடப்பக்கத்துக் கிளை வேகசு நரம்பு மார்பினுள் இறங்கிய பின்னரே பிரிந்து, இதயத்தினின்று எழும் பெருநாடியின் வளைவைச் சுற்றித் திரும்பி மேலேறுகின்றது. வலப்பக்கத்துக் கிளை கைக்குச் செல்லும் நாடியைச் சுற்றிக் கழுத்தின் அடியிலேயே திரும்பிவிடுகின்றது. அடுத்த வீட்டுக்குச் செல்ல வேண்டியவன் சந்திவரை போய்த் திரும்பி வருதல் போன்றது இவற்றின் போக்கு. ஆதலின் மீளும் குரல்வளை நரம்பு எனப் பெயர் பெற்றன.

இந்தச் சுற்று எதனால் வந்தது? கருவிலே இதயம் கழுத்துக்கு அணித்தாயிருக்கின்றது. அப்போது நரம்பு நாடிகளுக்குக் கீழாக நேரே குரல்வளையை அடைகின்றது. கழுத்து நீள, இதயம் மார்புக்குள் இறங்குகின்றது. நாடி நரம்பையும் தன்னோடு கீழே இழுத்துச் செல்கின்றது. நெடுங்கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கியிலே இந்நரம்பு நான்கு மீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கின்றது. மிகச் சிலரிடத்து, ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவில் அல்லது அதனினும் குறைவாக, வலப்பக்கத்து நரம்பு இவ்வாறு சுற்றாது குறுக்கே நேராகச் சென்றுவிடுவதும் உண்டு. வழக்கமான இடத்தில் மட்டும் அதனைத் தேடும் வைத்தியர் ஏமாறுதல் கூடும்.

மேலேறும் நரம்பு மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் வழியே, தைரொயிட்டுச் சுரப்பியின் பின்புறத்தை ஒட்டிச் செல்கின்றது. தடிப்பு இரண்டு மில்லிமீற்றர் அளவே. வெண்ணிற நூல் போல்வது. குரல்வளையுட் புகுமிடத்துக்கு அணித்தாக, சுரப்பியை மூச்சுக்குழலோடு இறுகப் பிணிக்கும் இழைக்கட்டு ஒன்று உண்டு. சுரப்பியைப் பிரிக்க வேண்டுமாயின் அக்கட்டை அறுத்தே ஆகவேண்டும். நரம்போ அதனை அணைந்து கிடக்கின்றது. சுரப்பியை முன்னோக்கி இழுக்கும்போது நரம்பும் உடன் இழுபடுகின்றது. ஊறு மிகுதியும் நேர்வது இவ்விடத்திலேயாம்.

இதுவன்றி வேறொரு நரம்பும் உண்டு. அது மேற்குரல்வளை நரம்பின் வெளிக்கிளை. சுரப்பியின் மேல்நுனிக்கு வரும் நாடியை ஒட்டிச் சென்று, குரல்நாணை இழுத்து விறைப்பாக்கும் சிறு தசையொன்றை அடைகின்றது. வீணையின் தந்தியை முறுக்கினால் ஓசை உயர்வதுபோல, அத்தசை இழுக்கும்போது குரல் உயர்கின்றது. அக்கிளை ஊறுபட்டால் சாதாரணப் பேச்சுக்குப் பெருங்குறை தோன்றாது. உச்சத்தில் பாடுதலும், உரக்கக் கூவுதலும், நெடுநேரம் தளராது பேசுதலும் இயலாதனவாகும்.

இத்தாலியப் பாடகி அமெலிதா கல்லி-கூர்ச்சியின் கதையை இவ்விடத்தில் கூறுதல் வைத்தியர் வழக்கம். உலகப் புகழ் பெற்ற அவ்வம்மையார் 1935இல் சிக்காக்கோவில் கழலைச் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். 1936இல் மீண்டும் மேடையேறியபோது பழைய குரல் வாய்க்கவில்லை. சத்திரவைத்தியர் இந்நரம்பை அறுத்துவிட்டமையே காரணம் எனப் பலகாலம் பேசப்பட்டது. ஆயின் அக்காலத்து இசை விமரிசனங்களைத் தொகுத்து நோக்கி 2001இல் வெளிவந்த ஆய்வொன்று, அவர் குரல் சிகிச்சைக்கு முன்னரே தளரத் தொடங்கிவிட்டது எனக் காட்டி, அக்கதையை ஐயத்துக்குரியதாக்கிற்று. கதை எவ்வாறாயினும், அந்நரம்பைப் பேணவேண்டும் என்னும் பாடம் மெய்யானதே.

முன்னோர் கற்ற பாடம்

குரலுக்கு நரம்பே காரணம் என்பதை உலகறியச் செய்தவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க வைத்தியர். அவர் பலர் முன்னிலையில் பன்றியொன்றின் கழுத்திலுள்ள இந்நரம்புகளைக் கட்டிக் காட்டினார். கதறிக்கொண்டிருந்த பன்றி அக்கணமே ஓசையற்றது. கழுத்துக்கட்டியை விரலால் பிடுங்கி எடுத்த கைதேராத வைத்தியர் ஒருவரால் சிறுவன் ஒருவன் குரலிழந்தமையையும் அவர் குறித்துவைத்தார்.

அதன்பின் நெடுங்காலம் தைரொயிட்டுச் சத்திரசிகிச்சை என்றாலே வைத்தியர் அஞ்சினர். குருதிப்பெருக்கினாலும் புண் சீழ்ப்படுவதாலும் பலர் இறந்தமையால், பிரான்சிய வைத்தியக் கழகம் 1850இல் அதனைத் தடைசெய்தது. உயிர் பிழைப்பதே அரிதாயிருந்த காலத்தில் குரலைப் பற்றி எவர் கவலைப்படுவார்? சுவிற்சலாந்து நாட்டுப் பேண் நகரில் தெயோடோர் கோச்சர் என்பவர் குருதியை உடனுக்குடன் அடக்கி, பொறுமையோடும் தூய்மையோடும் இச்சிகிச்சையைச் செய்துவந்தார். தொடக்கத்தில் நூற்றுக்குப் பதின்மர்க்கு மேல் இறந்த நிலை, அவர் முதுமையில் நூற்றுக்கு ஒருவர்க்கும் குறைவாயிற்று. 1909இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உயிர் காக்கப்பட்ட பின்னரே குரல் காக்கும் முறை ஆராயப்பட்டது. நரம்பு இருக்கும் இடத்தை அணுகாது விடுதலே பாதுகாப்பு எனப் பலர் எண்ணியிருந்தனர். அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்துச் சத்திரவைத்தியர் பிராங் லாகே 1938இல் இதற்கு மாறான கொள்கையை நிலைநாட்டினார். நரம்பைத் தேடிக் கண்டு, அதன் போக்கைக் கண்ணாற் பின்தொடர்ந்து சென்றாலன்றி அதனைக் காத்தல் இயலாது என்பதே அவர் கொள்கை. இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுவது அதுவே. எதனைக் காக்க விரும்புகின்றோமோ அதனை முதலில் அறிதல் வேண்டும் என்னும் உண்மை வகுப்பறைக்கும் பொருந்தும்.

அண்மைக் காலத்தில் ஒரு துணைக்கருவியும் வந்துள்ளது. மயக்க நிலையில் மூச்சுக்காக வாய்வழியே செலுத்தும் குழாயில் மின்வாய்கள் பொருத்தப்பட்டு, அவை குரல்நாண்களைத் தொட்டுக்கொண்டிருக்கும். சத்திரவைத்தியர் நுண்ணிய மின்கோலால் நரம்பைத் தொட்டால் குரல்நாண் அசையும். கருவி ஒலி எழுப்பும். ஒரு பக்கத்தை முடித்தபின் ஒலி எழாவிடின், மறுபக்கத்தைத் தொடாது நிறுத்திவிட்டு, நரம்பு தேறிய பின் மற்றொரு நாளிற் செய்தலும் உண்டு. இரு நரம்பும் ஒருங்கே தளர்ந்தால் குரல்நாண்கள் இரண்டும் நடுவில் வந்து நின்று மூச்சையே அடைக்கக்கூடும். அப்போது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யவும் நேரலாம். ஆதலின் அந்நிறுத்தம் தோல்வியன்று, அறிவுடைமையாகும். ஆயினும் இக்கருவி கண்ணுக்கும் கைக்கும் துணையேயன்றி அவற்றுக்கு ஈடாகாது.

நரம்பு ஊறுபடுதல் என்றால் அறுபடுதல் என்றே பலர் கருதுவர். பெரும்பாலும் அவ்வாறன்று. இழுபடுதல், நசுங்குதல், குருதியை நிறுத்தும் மின்கருவியின் வெம்மை படுதல், கட்டு நூலில் அகப்படுதல் என்பனவும் ஊறே. நரம்பு கண்ணுக்கு முழுமையாய்த் தோன்றியும் தொழிற்படாதிருக்கலாம். இத்தகையன பல வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். தேர்ந்தோர் கையில் நிலையான ஊறு நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவர் என்னும் அளவினதே. சிலகாலம் இருந்து நீங்கும் தளர்ச்சி அதனினும் பன்மடங்கு. முன்பு சிகிச்சை செய்த கழுத்தை மீண்டும் திறத்தல், புற்றுநோய் பரவியிருத்தல், கழலை மார்பெலும்பின் பின்னே இறங்கியிருத்தல் ஆகியவற்றில் இடர் மிகும்.

எமக்கு நேர்ந்தது

எம் கழுத்தின் வலப்பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி தோன்றிற்று. ஊசியால் எடுத்துப் பரிசோதித்ததில் ஐயம் தீராமையால், சுரப்பியின் வலப்பாதியை அகற்றவேண்டும் என்றனர். சம்மதப் பத்திரத்தை எம்மிடம் தந்த இளவைத்தியர், "மாஸ்டர், கையொப்பமிட முன்பு ஒருமுறை வாசியுங்கள்" என்றார். வாழ்நாள் முழுவதும் மாணவரை வாசியுங்கள், வாசியுங்கள் என்று நெருக்கிய யாம், அன்று வாசியாமலே கையொப்பமிட்டோம். புற்றுநோயோ என்னும் அச்சம் மனத்தை நிறைத்திருந்தது. குரலைப் பற்றி ஒரு வினாவும் எழவில்லை.

கட்டி தீங்கற்றது எனத் தெரிந்தது. ஆனால் கண் விழித்தபோது எம் வாயினின்று வந்தது குரலன்று, வெறுங்காற்றே. தேநீர் அருந்தினால் புரையேறிற்று. சிகிச்சைக்குப்பின் எம்மைப் பார்த்தவர்கள், மயக்கக் குழாய் உராய்ந்த வீக்கம், தானே மாறிவிடும் என்றனர். அவ்வாறு மாறுதலும் உண்டு என்பது மெய்யே. ஆயினும் ஆறு வாரமாகியும் ஒருவரும் எம் குரல்நாணைப் பார்க்கவில்லை. பாருங்கள் என்று யாமும் கேட்கவில்லை.

விடுப்பு முடிந்து வகுப்புக்குச் சென்றோம். முதல் வரிசைக்கு அப்பால் எம் சொல் எட்டவில்லை. பத்தாம் வகுப்பு மாணவர் சிலர் தாமாகவே வாங்குகளை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டனர். செய்யுளை யாம் ஓசையோடு படித்துக் காட்டுவது வழக்கம். அதற்கு மாறாக ஒரு மாணவன் எழுந்து படிக்க, யாம் கரும்பலகையில் உரை எழுதினோம். அம்மாணவர் காட்டிய பண்பு எம்மைத் தாங்கிற்று. ஆயினும் வீடு திரும்பும்போது, இன்னும் பதின்மூன்று ஆண்டுச் சேவையை எவ்வாறு கழிப்பது, பிள்ளைகளின் படிப்பு என்னாகும் என்னும் நினைவே உடன் வந்தது. குரலாற் பிழைப்பவனுக்கு அது கைத்தொழிலாளி கையை இழத்தல் போன்றது.

பின்னர் வேறொரு வைத்தியர் மூக்கின் வழியே மெல்லிய ஒளிக்குழாயைச் செலுத்திப் பார்த்தார். ஐந்து நிமிடமும் செல்லவில்லை. இடப்பக்கத்துக் குரல்நாண் அசைந்தது. வலப்பக்கத்தது அசையாது நின்றது. தளர்ந்த பக்கம் நடுவுக்கு வராமையால் இடைவெளி வழியே காற்று வீணாகின்றது என அவர் விளக்கினார். பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவரிடம் அனுப்பினார். மோவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி விழுங்கவும், தொண்டையை வருத்தாது மூச்சை அளந்து பேசவும் அவர் பழக்கினார். கிசுகிசுத்துப் பேசுதல் தொண்டைக்கு ஓய்வன்று என்பதையும் அவரிடமே கற்றோம். ஐந்தாம் மாதத்தில் நாண் அசையத் தொடங்கிற்று. இன்று பின்வரிசைக்கும் எம் குரல் எட்டுகின்றது. உச்சத்தில் தேவாரம் பாட மட்டும் முன்போல் இயலவில்லை.

தாமே தேறாதார்க்கும் வழியுண்டு. தளர்ந்த நாணுக்கு ஊசிவழியே நிரப்பும் பொருளைச் செலுத்தி அதனை நடுவுக்குத் தள்ளலாம். இது சிலகாலப் பயன் தருவது, முன்கூட்டியே செய்யத்தக்கது. ஓராண்டளவு பொறுத்தும் தேறாவிடின், குரல்வளையின் பக்கத்தில் சிறு சாளரம் திறந்து அடைப்பொன்றை வைத்து நாணை நிலையாக நடுவுக்குக் கொணரலாம். இம்முறையை 1970களில் வகுத்தவர் யப்பானியரான இசிக்கி என்பவர். கழுத்திலுள்ள வேறொரு நரம்பைக் கொணர்ந்து ஊறுபட்ட நரம்போடு இணைத்தலும் செய்யப்படுகின்றது.

கேட்கவேண்டியவை

யாம் கூறியவற்றாற் சத்திரசிகிச்சைக்கு எவரும் அஞ்சவேண்டா. அஞ்சிப் புற்றுநோயை வளரவிடுதல் பேதைமையாகும். அறிந்து செல்லுதலே வேண்டுவது. சிகிச்சைக்கு முன்னர் எம் குரல்நாண்களைப் பார்ப்பீர்களா என்று கேட்க. முன்னரே ஒரு நாண் தளர்ந்திருத்தலும் கூடும், அதனை அறிந்தாலன்றிப் பின்வருவதை அளத்தல் இயலாது. இத்தகைய சிகிச்சையை அடிக்கடி செய்பவரா எனக் கேட்க. பழகிய கையில் இடர் குறைவு என்பது பல நாட்டு அனுபவம். நரம்பைக் கண்டு காக்கும் முறை யாது எனக் கேட்க. ஆசிரியர், பாடகர், ஓதுவார், வழக்கறிஞர், சந்தையிற் கூவி விற்போர் ஆகியோர் தம் தொழிலை வைத்தியர்க்கு முன்னரே சொல்லுக.

சிகிச்சைக்குப்பின் கழுத்து வீங்கி மூச்சு முட்டினாலும், மூச்சை உள்ளிழுக்கும்போது ஓசை எழுந்தாலும் ஒருகணமும் தாழ்த்தாது உரைக்க. குரல் அடைத்து இரண்டு மூன்று வாரமாகியும் தெளியாவிடின், நீர் அருந்தும்போது புரையேறினால், குரல்நாணைப் பார்க்குமாறு பணிவோடும் உறுதியோடும் கேட்க. கேட்பது வைத்தியரை அவமதித்தலாகாது. நல்ல வைத்தியர் வினாவை விரும்புவர். நல்ல ஆசிரியரும் அவ்வாறே.

எம் பழைய மாணவருட் பலர் இன்று வைத்தியராய்ச் சிறந்து விளங்குகின்றனர். அவர்களுக்கு எம் வேண்டுகோள் ஒன்றே: நோயாளர் வினவாவிடினும் குரலைப் பற்றி நீங்களே எடுத்துரையுங்கள், அச்சத்தில் இருப்பவனுக்கு வினா எழாது. இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவர்க்கும் ஒன்று சொல்வோம். எதிலே கையொப்பமிடுவதாயினும் முழுவதும் வாசித்த பின்னரே இடுங்கள். இதனை உங்கள் ஆசிரியர் முன்பும் சொல்லியிருக்கின்றார். இப்போது அனுபவித்துச் சொல்கின்றார்.

கல்லூரித்தாய் நீடு வாழ்க!